அடிபட்ட வயிறும் குடலிறக்கமும்: தமிழ் மருத்துவ வரலாற்றில் ஒரு நோக்கு

கற்பிட்டித் தீபகற்பத்து எத்தாளையிலே தென்னையிலிருந்து தவறி வீழ்ந்த ஒருவனையோ, வண்டி மாட்டின் கொம்பு வயிற்றிற் பட்ட ஒருவனையோ, மோட்டார்ச் சைக்கிளின் கைபிடி அடிவயிற்றிற் குத்திய ஒருவனையோ எண்ணிக்கொள்வோம். தோலிலே கீறல் இல்லை, குருதியும் சிந்தவில்லை. ஆயின், அடிவயிற்றின் ஒரு புறத்தில் முட்டையளவான வீக்கம் ஒன்று எழுந்து நிற்கின்றது. சதை பிசகிவிட்டது என்பார் ஒருவர். உள்ளே இரத்தம் கட்டிவிட்டது என்பார் இன்னொருவர். எண்ணெய் பூசி உருவிவிட்டாற் போதும் என்பாரும் உளர். அவ்வீக்கம் வெறும் குருதிக்கட்டாயின் சில வாரங்களில் தானே கரைந்துவிடும். வயிற்றுச் சுவரின் தசை கிழிந்து, அக்கிழிவினூடே குடல் தோலின் கீழ் வந்து நிற்பதாயின், உருவுதல் உயிருக்கே ஊறாகக் கூடும். புறத்தே ஒன்றுபோலத் தோன்றும் இவ்விரண்டையும் மருத்துவ உலகம் எவ்வாறு வேறுபிரித்தறியக் கற்றது என்பதும், அவ்வறிவு தமிழில் எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதுமே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுந்த பொருளாகும்.

எத்தாளையை முன்னிறுத்தியமைக்குக் காரணம் உண்டு. புத்தளக் கடலேரிக்கும் பெருங்கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் இந்நிலப்பகுதியின் வாழ்வு தென்னையையும் வலையையும் தோட்டத்தையும் சார்ந்தது. மரமேறுதல், தோணி தள்ளுதல், கரைவலை இழுத்தல், பாரமேற்றிய வண்டியோட்டல் ஆகிய தொழில்கள் யாவும் வயிற்றுச் சுவருக்கு வேலை தருவன; சில வேளை அதற்கு ஊறும் விளைப்பன. புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளிற் கட்டின்றித் திரியும் கழுதைகளின் உதையையும் இவற்றோடு சேர்த்து எண்ணுதல் தகும். சிறுபிள்ளைகள் அறிந்த உண்மையை ஆராய்ச்சியாளர் மறத்தலாகாது. கற்பிட்டியிலே 1807ஆம் ஆண்டிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் இலங்கையின் ஊர்களையெல்லாம் நிரைப்படுத்தி ஆங்கிலத்தில் ஓர் அகராதி வெளியிட்டார். 1859இல் தமிழ்ப் புலவர் வரலாற்றையும் எழுதினார். ஊர்களுக்கும் புலவர்களுக்கும் கிடைத்த அத்தகைய நிரலொழுங்கு இம்மக்களின் நோய்களுக்குக் கிடைத்திலது.

முதற்கண் சொற்களை நோக்குவாம். குடலிறக்கம், குடலண்டம், அண்டவாதம் என இந்நோய்க்கு வழங்கும் பெயர்கள் பல. இவற்றுள் அண்டவாதம் என்பது நோயை வாதத்தின்பாற் படுத்தி, விதைப்பையை அதன் இடமாகக் கொள்கின்றது. குடலண்டம் என்பதும் அவ்விடத்தையே சுட்டும். குடலிறக்கம் என்பதோ குடல் கீழ்நோக்கி இறங்குதலைக் கூறும். இவை மூன்றும் கவட்டு வழியாக வரும் பெருவழக்கான நோய்க்கே பொருந்துவன. அடிபட்டதனால் வயிற்றுச் சுவர் கிழிந்து உண்டாவதோ விலாவிலும் வரும். கொப்பூழின் பக்கத்தும் வரும். இடுப்பெலும்பின் விளிம்பிலும் வரும். அது இறங்குவதன்று, வெளியே பிதுங்குவது. எனவே, பெயரே இங்கு ஓரளவு மயக்கத்துக்கு இடமாகின்றது. குடலிறக்கமெனிற் கவட்டைத் தேடும் மனம் விலாவில் எழுந்த வீக்கத்தை வேறெதுவாகவோ கொள்ளும். தமிழ்நாட்டிற் பிதுக்கம் என வழங்குஞ் சொல் இவ்வகையில் ஏற்றமுடையது. எனினும், எம்மவர் நாவிற் பயின்றது குடலிறக்கமே ஆதலின், அச்சொல்லையே ஈண்டு ஆள்கின்றோம்.

அடிபாட்டுக்கும் குடலிறக்கத்துக்கும் உள்ள தொடர்பு பண்டை இந்திய மருத்துவர் அறியாததன்று. சுசுருத சங்கிதையின் நிதானப் பகுதி ‘விருத்தி’ எனப்படும் வீக்கங்களை ஏழாக வகுத்து, அவற்றுள் ஒன்றை அந்திரவிருத்தி என்கின்றது, அந்திரமாவது குடல். அதற்குக் கூறப்படும் காரணங்கள் ஊன்றி நோக்கற்பாலன. பெரும்பாரம் சுமத்தல், தன்னினும் வலியாரோடு பொருதல், மரத்திலிருந்து வீழ்தல் என்பன அவை. இத்தகைய செயல்களால் வாயு சினந்து சிறுகுடலின் ஒரு பகுதியைக் கீழே தள்ள, அது கவட்டில் முடிச்சுப் போலாகிப் பின் விதைப்பையையும் அடையும் என்பதும், அழுத்தின் ஒலியோடு மேலே சென்று விட்டவுடன் மீண்டும் பருத்து இறங்கும் என்பதும் அந்நூலிற் காணப்படுகின்றன. வீக்கத்தினுள் இருப்பது காற்றும் குடலுமே என்பதை அழுத்திப் பார்த்து, ஒலி கேட்டு அறிந்த அவதானம் இது. மரத்திலிருந்து வீழ்தல் என்ற காரணத்தைத் தென்னஞ்சோலை நடுவே இருந்து படிப்போருக்கு அந்நூலின் காலத் தொலைவு தோன்றாது. விதைப்பையை அடைந்துவிட்ட அந்திரவிருத்தி தீராததெனச் சுசுருதம் கைவிடுகின்றது. அடையாததைக் கவட்டிற் பிறைவடிவான கருவியாற் சுட்டுத் தடுக்க முயல்கின்றது. சூடு தழும்பை உண்டாக்கும். தழும்பு வாயிலை ஒடுக்கும் என்பது அதன் உட்கருத்தாகலாம்.

அந்நூலின் சிகிச்சைப் பகுதியில் உடன்புண்களைக் கூறுமிடத்து, வயிறு பிளந்து குடல் வெளியே வந்தவனுக்குச் செய்யவேண்டியன விரிவாகக் கூறப்படுகின்றன. ஊறுபடாத குடலைப் பாலாற் கழுவி, நெய் பூசி, நகம் களைந்த கையால் மெல்ல உள்ளே செலுத்தி, வயிற்றைத் தைக்க வேண்டும் என்பது அதன் சாரம். இவ்வறிவு ஏட்டோடு நின்றதன்று, வாழ்விற் கண்ட காட்சியோடு ஒட்டியது என்பதற்கு எமது இலக்கியமே சான்று. கலித்தொகையின் முல்லைக்கலி ஏறுதழுவலைப் பாடுமிடத்துக் கொம்பாற் குத்துண்டு குடல் சரிந்த வீரரையும், குடல் சுற்றிய கொம்போடு திரியும் ஏறுகளையும் காட்டுகின்றது. ஆயர் மன்றத்துக் காட்சியாக எழுதப்பட்ட இதனை மருத்துவக் குறிப்பாகக் கொள்ளுதல் மிகையே. ஆயினும், கொம்பு வயிற்றைத் திறக்கும் என்பதைத் தமிழர் கண்ணாரக் கண்டிருந்தனர் என்பதில் ஐயமில்லை. அவர்கள் காணாதது மற்றொன்று. கொம்பு தோலைக் கிழியாது, அதன் மழுங்கிய பக்கம் உள்ளே அமுக்கித் தசையை மட்டும் கிழிப்பதும் உண்டு. இன்றும் இந்தியச் சத்திரவைத்தியர் வெளியிடும் நோய்க் குறிப்புகளில் மாட்டின் கொம்பால் உண்டான இவ்வகைக் குடலிறக்கம் அடிக்கடி இடம்பெறுவதைக் காணலாம்.

ஐரோப்பியரிடத்து இவ்வரலாறு எதிர்த்திசையிற் சென்றது. வயிற்றின் உட்சவ்வாகிய சுற்றுவிரி கிழிதலாலேயே குடலிறக்கம் உண்டாகின்றது என்ற கருத்துக் கலேன் காலந் தொட்டு ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகள் நிலவியது. ஆங்கிலத்தில் இந்நோய்க்கு இன்றும் பேச்சில் வழங்கும் பெயர் ‘கிழிவு’ எனப் பொருள்படுவது அதன் எச்சமேயாம். பிணங்களை அறுத்துப் பார்க்கும் வழக்கம் பெருகியதும் இக்கருத்துச் சரிந்தது. இலண்டனில் அஸ்ற்லி கூப்பர் 1804இலும் 1807இலும் இரு பகுதிகளாக வெளியிட்ட பெருநூலும், இத்தாலியரான ஸ்கார்ப்பா முதலியோர் செய்த ஆய்வுகளும், வயிற்றுச் சுவரில் இயல்பாகவே உள்ள வாயில்கள் வழியே சுற்றுவிரி பைபோல நீண்டு வெளிவருதலே பெரும்பாலான குடலிறக்கங்களின் அமைப்பு என்பதை நிறுவின. அடிபட்டதனால் வருவது என்னும் பழங்கருத்து இதனாற் பின்தள்ளப்பட்டது. பிரெஞ்சு நாட்டு அம்புருவாஸ் பாரே 1579இல் எழுதிய ஒரு வரலாறு மட்டும் இதற்குப் புறம்பாக நின்றது. குண்டடி பட்டுப் பிழைத்த பீரங்கிப் படைத்தலைவன் ஒருவன் எட்டு மாதங்களின் பின் இறந்தான். அறுத்துப் பார்த்தபோது, உதரவிதானத்திற் பட்ட ஒரு சிறு துளை வழியே பெருங்குடல் மேலேறி நெருக்குண்டு அழுகிக் கிடந்தது. அது வயிற்றின் முன்சுவரில் ஏற்பட்டதன்று. எனினும், அடிபட்ட நாளுக்கும் கேடு விளையும் நாளுக்கும் இடையே மாதக்கணக்கான அமைதி இருக்கலாம் என்பதை அது காட்டியது.

இனித் தமிழுக்கு வருவாம். அமெரிக்க மிசனைச் சேர்ந்த யோன் ஸ்கடர் 1820இற் பண்டத்தரிப்பிலே மருத்துவப் பணி தொடங்கினார். ஆயினும், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆவர். 1822இல் அமெரிக்காவின் மசச்சூசெற்சு மாநிலத்து வூஸ்ரரிற் பிறந்த இவர், 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மறுவருடம் மானிப்பாயில் மருத்துவசாலையையும் மருத்துவ வகுப்பையும் நிறுவினார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்த அவர், ஆங்கிலங் கற்றோர் உத்தியோகம் நாடி ஊரை விட்டு நீங்குவதையும், ஊரவர் மருத்துவரின்றித் தவிப்பதையும் கண்டு, 1864 முதல் தமிழையே போதனா மொழியாகக் கொண்டார். கற்பித்தற்கு நூல் வேண்டுமன்றோ? மாணாக்கர் துணையோடு நூல்களையும் ஆக்கினார். அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம் என்னும் மூன்றையும் ஒருங்கு கூறும் நூல் 1857இலும், துறூயிற் என்பாரின் சத்திரவைத்திய நூலைத் தழுவிய ‘இரண வைத்தியம்’ 1867இலும், கிறேயின் உடற்கூற்று நூலைத் தழுவிய ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இலும் வெளிவந்தன. கவிஞர் அம்பி முதலியோர் கிறீனின் தொண்டை விரிவாக ஆராய்ந்துள்ளமையால், எமது பொருளுக்கு வேண்டிய அளவே இங்குத் தொட்டுச் செல்கின்றோம்.

‘இரண வைத்தியம்’ வெளிவந்த ஆண்டு எமது கவனத்துக்குரியது. 1867ஆம் ஆண்டிலேதான் லிஸ்ரர், புண்ணிற் கிருமி சேராது காக்கும் முறையைத் தமது கட்டுரைகள் வாயிலாக உலகுக்கு அறிவித்தார். துறூயிற்றின் நூலோ முதலில் 1839இல் வந்து, பல பதிப்புகள் கண்டது; தமிழாக்கத்துக்கு மூலமான பதிப்பு லிஸ்ரரின் கட்டுரைகளுக்கு முந்தியதாகவே இருத்தல் வேண்டும். ஆகவே, மானிப்பாய் மாணாக்கன் குடலிறக்கம் பற்றிக் கற்றது, வயிற்றைத் திறத்தல் பெரும்பாலும் சாவுக்கு வாயில் திறத்தலாக இருந்த காலத்து அறிவை. ஈதர் மயக்கம் 1846இலும், குளோரபோம் 1847இலும் வந்துவிட்டமையால் நோவு நீங்கியிருந்தது, கிருமி நீங்கியிருக்கவில்லை. அக்காலச் சத்திரவைத்தியத்தின் வழிகள் மூன்றே: மீளக்கூடிய குடலைக் கையால் உள்ளே செலுத்துதல், மீண்டும் வாராது அரைப்பட்டி கட்டுதல், நெருக்குண்டு வாந்தியும் வயிற்றுப் பொருமலும் கண்டவிடத்து வேறு வழியின்றிக் கத்தியெடுத்தல். இவற்றோடு ஒப்பிட, ஊர்ப் பரியாரியாரின் சிகிச்சை அத்துணைப் பிற்பட்டதன்று என்பதையும் நடுநிலைமையோடு கூறவேண்டும். அவரும் கையாற் புகுத்தினார், துணியாற் கட்டினார். வேறுபாடு, உள்ளே என்ன இருக்கின்றது என்ற அறிவிலேயே இருந்தது. ‘அங்காதிபாத’ங் கற்ற மாணாக்கன் தோலின்கீழ்த் தசைகள் எத்தனை அடுக்கு, அவை எத்திசையில் ஓடுகின்றன, நேர்தசையின் உறை எவ்விடத்தில் நலிவது என்பவற்றைத் தன் மொழியிற் படித்திருந்தான். அடிபட்ட வயிற்றை அறிதற்கு அதுவே அடிப்படை. கொழும்பில் 1870இல் மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்தில் தொடங்கிற்று. கிறீன் 1873இல் தாய்நாடு திரும்பினார். அங்கிருந்தும் தமிழ் நூல்களைத் திருத்தி அனுப்பிக்கொண்டிருந்து, 1884இற் காலமானார். அதன்பின் அவ்வகுப்பு நிலைபெறவில்லை. தமிழிற் சத்திரவைத்தியங் கற்கும் மரபு ஏறத்தாழ ஒரு தலைமுறையோடு முடிந்தது எனலாம்.

லிஸ்ரரின் முறை பரவியபின், பதுவா நகரத்து பசினி 1887 முதல் கவட்டுக் குடலிறக்கத்துக்குத் தசையடுக்குகளை மீளத் தைத்துச் சுவரெழுப்பும் முறையை அறிவித்தார். குடலிறக்கம் தீர்க்கத்தக்க நோயாயிற்று. தீர்க்கத்தக்கதானவுடன் அதன் காரணம் பற்றிய வாதம் முற்றியது. 1906ஆம் ஆண்டை இவ்வாதத்தின் திருப்பமாகக் கொள்ளலாம். அவ்வாண்டில், லிஸ்ரரிடம் பயின்று மெல்போணிற் பணிபுரிந்த ஹமில்ரன் ரசல் என்பார், குடலிறக்கப் பை பிறவியிலேயே அமைந்தது என்ற கொள்கையை இலண்டன் மருத்துவ ஏட்டில் வலியுறுத்தினார். பாரம் தூக்குதலும் வீழ்தலும் முன்னரே இருந்த பையை நிரப்புமேயன்றிப் புதிதாய் ஆக்கா என்பது அதன் முடிபு. அதே ஆண்டில் அமெரிக்க மருத்துவ ஏடொன்றில் செல்பி என்பார், பைக்கு இடமேயில்லாத வயிற்றுச் சுவரில் அடிபாட்டால் நேரே உண்டான குடலிறக்கம் ஒன்றை விவரித்தார். இன்று இந்நோய் பற்றி எழுதுவோர் பலரும் செல்பியின் குறிப்பையே தொடக்கமாகக் காட்டுவர். ஒருவர் இல்லையென நிறுவிய ஆண்டிலேயே மற்றொருவர் உண்டெனக் காட்டியமை வியப்புக்குரியது. எமது கருத்தில் இருவரும் பிழைபடவில்லை. ரசல் கவட்டைப் பேசினார். செல்பி சுவரைப் பேசினார். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தமையே பூசலுக்கு இடமாயிற்று.

இப்பூசல் ஏட்டளவில் நின்றிருப்பின் நாம் இத்துணை விரித்திரோம். பிரித்தானியாவில் 1897இலும், இந்தியாவில் 1923இலும், இலங்கையில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டமாகவும் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டங்கள் தோன்றின. தொழிலின்போது, தொழிலின் காரணமாக நேர்ந்த விபத்தால் ஊறுபட்டவனுக்கு ஈடு உண்டு என்பது அவற்றின் உள்ளுறை. குடலிறக்கம் பிறவிக் குறையெனின் தொழிலாளிக்கு ஒன்றுமில்லை. விபத்தால் வந்ததெனின் ஈடு உண்டு. எனவே, மருத்துவரின் ஒரு சொல்லிற் குடும்பம் ஒன்றின் சோறு தங்கியிருந்தது. ஏமாற்றுவோர் சிலர் இருந்திருத்தல் கூடும். ஆயின், ஐயத்தின் பாரம் எப்போதும் சுமப்பவன் தோளிலேயே ஏற்றப்பட்டது. தாமே மரமேறித் தாமே தோணி விடும் கரையோரத்தவருக்கோ அச்சட்டத்தாற் பயனில்லை. கூலி தரும் முதலாளி ஒருவன் இருந்தாலன்றி நட்டஈடு கேட்பதற்கு ஆளில்லை.

இவ்வழக்குகளின் நெருக்குதலினால் வரையறைகள் கூர்மையுற்றன. 1939இல் மக்வோட்டர் என்பாரும், 1964இல் கிளெயின் என்பாரும், பிறரும் வகுத்தவற்றைத் திரட்டிக் கூறின்: வீக்கம் அடிபட்டவுடனோ மிக அண்மையிலோ தோன்றுதல் வேண்டும், மருத்துவரை நாடத்தக்க நோவு இருத்தல் வேண்டும், அவ்விடத்தில் முன்னர்க் குடலிறக்கம் இருந்திருத்தலாகாது, தோல் துளைபடாது தசையும் அதன் போர்வையும் கிழிந்திருத்தல் வேண்டும். வழக்குமன்றுக்கு உகந்த இவ்வரையறை நோயாளிக்கு எப்போதும் உகந்ததன்று. அடிபட்ட அன்று குருதிக்கட்டு கிழிவை மறைத்து நிற்க, அது வற்றியபின் பல நாள் கழித்துக் குடல் வெளிப்படுதலும் உண்டு.

கிழிவு நேரும் விதம் ஆராய்ச்சியாற் பின்னரே தெளிந்தது. மழுங்கிய பொருள் வயிற்றைத் தாக்குங்கால் இரண்டு நிகழ்கின்றன. தாக்கிய இடத்திலே தசையடுக்குகள் ஒன்றன்மேலொன்று வழுக்கி அறுகின்றன. அதே கணத்தில் வயிற்றினுள் அமுக்கம் திடீரென உயர்ந்து, நலிந்த இடத்தை உள்ளிருந்து தள்ளுகின்றது. தோலோ நெகிழ்ச்சி மிக்கது ஆதலின் நீண்டு கொடுத்து மீளும். தோல் பழுதின்றி இருப்பதனால் உள்ளும் பழுதில்லை என எண்ணுதல் இங்கேதான் தவறுகின்றது. கொப்பூழுக்குக் கீழே, நேர்தசையின் வெளிவிளிம்பையடுத்த பகுதி இக்கிழிவுக்குப் பெரிதும் இடமாகும். இடுப்பெலும்பின் மேல்விளிம்பிலிருந்து பக்கத் தசைகள் பிய்த்தெடுக்கப்படுதலும் உண்டு. சைக்கிளின் கைபிடி முனை குத்துதலாற் சிறுவருக்கு நேருவதைக் கைபிடிக் குடலிறக்கம் என 1980இல் டிமியன் முதலியோர் பெயரிட்டனர். விசை சிறிதாயினும், சிறு பரப்பிற் குவிவதனால் கிழிவு நேர்கின்றது. வாகன விபத்திலும் உயரத்திலிருந்து வீழ்தலிலும் விசை பெரிது. அங்குச் சுவரின் கிழிவோடு குடல், குடற்றாங்கி, ஈரல், மண்ணீரல், இடுப்பெலும்பு ஆகியனவும் ஊறுபடுதல் கூடும். இவ்விரு வகையையும் பிரித்தறிதல் சிகிச்சைக்கு இன்றியமையாதது.

கையாலும் கண்ணாலும் அறியும் முறைகள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே செம்மையுற்றன. படுத்திருக்கும் நோயாளியைத் தலையையும் தோளையும் உயர்த்தச் செய்தால் வயிற்றுத் தசைகள் இறுகும். அப்போது வயிற்றினுள்ளே உள்ள கட்டி மறையும். சுவரில் உள்ளது மறையாது. கார்னெற், பொதர்கில் என்னும் இருவரும் 1926இல் தனித்தனியே இதனையொட்டி எழுதினர். நேர்தசையின் உறையினுள்ளே தங்கிய குருதிக்கட்டு நடுக்கோட்டைத் தாண்டாது என்பதையும் பொதர்கில் குறித்தார். குடலிறக்கமாயின் இருமும்போது வீக்கம் பருத்து விரலைத் தாக்கும். மெல்ல அழுத்தின் உள்ளே சென்று, கிழிவின் விளிம்பு விரலுக்குத் தட்டுப்படும். செவிக்குழாய் வைப்பின் குடலின் ஒலி கேட்கும். சுசுருதர் கேட்ட ஒலியும் இதுவேயாம். குருதிக்கட்டோ இறுகியிருக்கும்; இருமலுக்கு அசையாது; சில நாளில் தோல் நீலம் பாரிக்கும். ஆயினும், அடிபட்ட வயிறு நோவினால் இறுகிக் கிடக்குங்கால் இக்குறிகள் பலவும் பொய்த்துவிடும். அவ்வேளையில் வீக்கத்தை ஊசியாற் குத்திப் பார்த்தலும், சீழ்க்கட்டியெனக் கீறுதலும் பெருந்தீங்கு. உள்ளே இருப்பது குடலாயின் அதனைத் துளைத்தலாய் முடியும். உருவுதலின் கேடும் இவ்வகையினதே. ஏற்கெனவே நைந்த குடலை வலிந்து உள்ளே தள்ளிவிட்டால் வீக்கம் மறைந்து நோயாளி மகிழ்வான். ஓரிரு நாளிற் குடல் பொத்து, மலங்கலந்த நீர் வயிறெங்கும் பரவும். ஒட்டகப்புலம் முதலிய இடங்களில் முறிவு நெரிவு வைத்தியம் பெற்ற நன்மதிப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. எலும்புக்கு ஏற்ற கை வயிற்றுக்கு ஏற்றதன்று என்பதே எம் கருத்து.

இம்மயக்கத்தைப் பெருமளவுக்குத் தீர்த்தது படப்பிடிப்பு. ஹவுன்ஸ்பீல்டின் சீ.ரி. இயந்திரம் 1971இல் முதல் நோயாளியைப் படம்பிடித்தது. பின்வந்த காலத்தில் அடிபட்ட வயிற்றைக் குறுக்கு வெட்டாகக் காண்பது வழக்கமாயிற்று. கிழிவின் அகலம், அதனூடு வந்தது கொழுப்பா குடலா என்பது, உள்ளுறுப்புகளின் நிலை ஆகிய மூன்றையும் அது ஒருங்கே காட்டும். அமெரிக்காவில் டெனிஸ் என்பாரும் உடனாய்வாளரும் 2009இல் இப்படங்களைக் கொண்டு வயிற்றுச் சுவரின் ஊற்றை ஆறு படிகளாக வகுத்தனர். தோலின்கீழ்க் கன்றல் முதற்படி. தசையினுட் குருதிக்கட்டு இரண்டாவது. ஒரு தசை மட்டும் அறுதல் மூன்றாவது. அடுக்குகள் யாவும் அறுதல் நான்காவது. அவ்வறுதலூடே குடல் முதலியன வெளிப்படுதல் ஐந்தாவது. தோலையும் கடந்து வெளியே சரிதல் ஆறாவது. எமது கட்டுரையின் தொடக்கத்தில் நின்ற ஐயம், இரண்டாம் படியா ஐந்தாம் படியா என்பதே. முல்லைக்கலி கண்டது ஆறாம் படி. மழுங்கிய அடிபாட்டோடு வருவோரில் உண்மையான குடலிறக்கம் நூற்றில் ஒருவர் அளவினதே எனப் பொதுவாகக் கூறுவர். அருமையான நோயாதலின், நினைத்துத் தேடினாலன்றி அகப்படாது. படம்பிடிக்கும் வசதி இல்லாதவிடத்து ஒலியலைப் படமும் துணைபுரியும்.

சிகிச்சை பற்றி இன்றுள்ள கருத்து முற்றும் ஒருமைப்பட்டதன்று. விசை பெரிதாயின், குருதியமுக்கம் வீழின், குடல் பொத்தமைக்குக் குறி காணின், நடுக்கோட்டில் வயிற்றைத் திறந்து உள்ளுறுப்புகளை முழுதும் ஆராய்தல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. சுவரைத் தைத்தல் அதன் பின்னதே. கைபிடி குத்தியது போன்ற சிறு விசையாயின், உள்ளே ஊறில்லை எனத் தேர்ந்தபின் வீக்கத்தின் மேலேயே கீறி, கிழிந்த அடுக்குகளை ஒவ்வொன்றாகக் கரையாத நூலினால் தைத்துவிடலாம். பெருங்கிழிவிலே தசை நைந்து இழந்தவிடத்து, இழுத்துத் தைத்தாற் மீண்டும் கிழியும். அவ்விடத்து வலை வைத்துச் சுவரெழுப்புவர். 1958இல் அமெரிக்கரான அஷர் பிளாஸ்திக்கு வலையை இதற்குப் பயன்படுத்தினார். பின்னர் பொலிபுறொப்பிலீன் இழைவலை பெருவழக்காயிற்று. அதே பொருளிற் செய்த கயிற்றைத் தோணிக்காரர் நாளும் கையாளுகின்றனர் ஆதலின், வயிற்றில் வலை வைத்தல் என்ற செய்தி எத்தாளையாருக்கு விளக்கமின்றியே விளங்கும். ஆயின், குடல் பொத்து மலம் சிந்திய வயிற்றில் இவ்வலையை வைத்தல் ஆகாது. கிருமி இழைகளிற் பற்றிக்கொள்ளும். அந்நிலையில் உயிரை முதலிற் காத்து, சுவரைத் தைக்கக்கூடிய அளவுக்குத் தைத்து, நிலையான பழுதுபார்த்தலைப் பல மாதங்களின் பின்னர்ச் செய்தலே முறை. வேறு பெருங்காயங்கள் உள்ளவருக்கும் அடிப்படைச் சிகிச்சை முடியும்வரை சுவரின் பழுதைப் பின்போடுதல் உண்டு. உடனே தைப்பதா, பொறுத்துத் தைப்பதா என்ற வினாவுக்கு நோய்க் குறிப்புகள் பெருகப் பெருக விடையும் மாறிவருகின்றது.

எத்தாளையிலிருந்து புறப்படும் நோயாளி, கற்பிட்டி வைத்தியசாலையை முதலில் நாடுவான். பெரிய சிகிச்சை வேண்டின் பாலாவி வழியாகப் புத்தளத்துக்கோ அதற்கு அப்பாலோ செல்ல நேரும். சொல்லால் அறியத்தக்கவற்றை முன்னரே அறிந்து வைத்திருந்தால் அவ்வழிநேரம் வீணாகாது. வைத்தியர் கேட்கும் வினாக்கள் பெரும்பாலும் இவை: எது தாக்கியது, எவ்விடத்தில் தாக்கியது, வீக்கம் எந்நேரத்தில் எழுந்தது, முன்பு அவ்விடத்தில் ஏதும் இருந்ததா, வாந்தி உண்டா, காற்றுப் பிரிந்ததா, அதன்பின் யாரேனும் உருவினரா. இவற்றை அவன் தமிழிலேயே கேட்டுத் தமிழிலேயே விடை சொல்கின்றான். குறிப்பேட்டில் அவை ஆங்கிலத்திலே பதியப்படுகின்றன. மானிப்பாய் வகுப்பில் அமர்ந்த மாணாக்கனாயின் இவ்விடைகளையெல்லாம் அவன் சொன்னபடியே எழுதிக்கொண்டு, ‘இரண வைத்திய’த்தைத் திறந்து பார்த்திருப்பான்.